மார்பக ஆபரேஷனுக்கு முன்னால் எனக்குக் கிடைச்ச 17 நாள்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

"தேதி குறிச்சாச்சு, இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, என்ன செய்யறதுன்னே தெரியலக்கா"ன்னு போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். இந்த வழியில போய்ட்டு வந்தவங்க எல்லாரும் கீழே எழுதுங்க.

எனக்கு 46 வயசு. திருச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். ரெண்டு வருஷம் முன்னாடி இடது மார்புல கட்டி. மேமோகிராம், பயாப்சி எல்லாம் முடிஞ்சு டாக்டர் சொன்னார்: ஒரே மார்புல ரெண்டு இடத்துல தள்ளித் தள்ளி இருக்கு, கட்டியை மட்டும் எடுத்தா போதாது, முழுசா எடுத்துடணும். ஆபரேஷன் தேதி 17 நாள் கழிச்சுக் கிடைச்சது.

முதல் நாலு நாள் நான் ஒண்ணுமே செய்யல. சமைச்சேன், ஸ்கூலுக்குப் போனேன், விடைத்தாள் திருத்தினேன். குளிக்கும்போது குனிஞ்சு என்னையே பார்க்கப் பயம். வீட்டுல "சின்ன ஆபரேஷன்"னுதான் பேச்சு. மாமியார்கிட்ட என் வீட்டுக்காரர் "நெஞ்சுல ஒரு கட்டி"ன்னு சொல்லி வச்சிருந்தார். மார்புன்னோ புற்றுநோய்ன்னோ யாரும் வாயைத் திறந்து சொல்லல. நானும் சொல்லல.

அஞ்சாவது நாள் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனேன். ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் கொடுத்துட்டு பெஞ்சுல உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா. தலையில துண்டு கட்டியிருந்தாங்க, ஓரத்துல புது முடி பஞ்சு மாதிரி முளைச்சிருந்தது.

"எந்தப் பக்கம்மா?"

"இடது."

"எனக்கு வலது. எட்டு மாசம் ஆச்சு." கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பார்க்கிறியா?"ன்னு கேட்டாங்க.

எதைக் கேக்குறாங்கன்னு புரியவே எனக்குச் சில நொடி ஆச்சு. தலையை ஆட்டினேன். பெண்கள் கழிப்பறைக்குள்ள கூட்டிட்டுப் போய்த் தாழ் போட்டு, முந்தானையை விலக்கி ஜாக்கெட் கொக்கியைக் கழட்டினாங்க. நெஞ்செலும்பு பக்கத்துல ஆரம்பிச்சு அக்குள் வரைக்கும் சாய்வா ஒரு கோடு. லேசான காப்பி நிறம். சமதரையா இருந்தது. "தொட்டுப் பாரு, வலிக்காது"ன்னு என் விரலை எடுத்து அவங்களே வச்சாங்க. தோல் சூடா, உயிரோட இருந்தது. அந்த நாலு ராத்திரியா நான் மனசுக்குள்ள பார்த்துக்கிட்டிருந்த குழியும் புண்ணும் அங்க இல்ல.

கொக்கியை மாட்டிக்கிட்டே சொன்னாங்க: "எனக்கு வேற மார்பு வச்சுக்கலாம்னு ஒருத்தரும் சொல்லல. நீ கேட்டுடு தாயி. வேணாம்னு சொல்றது வேற, தெரியாமலே போறது வேற."

அவங்க பேரைக்கூட நான் கேக்கல. அதுக்குள்ள என்னைக் கூப்பிட்டுட்டாங்க. இன்னைக்கும் அது எனக்குக் குறைதான்.

அன்னைக்கே சர்ஜனைக் கேட்டேன். "இங்க பெரும்பாலும் வேணாம்னுடுவாங்க, அதான் பேச்செடுக்கல"ன்னார். பெரும்பாலும் வேணாம்பாங்கன்னு அவங்களா முடிவு பண்றது எனக்கு இன்னைக்கும் ஒப்புக்கொள்ள முடியாத விஷயம். ஆனா கேட்டதும் பிளாஸ்டிக் சர்ஜனுக்கு எழுதிக் கொடுத்துட்டார்.

அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் பேசினாங்க. சிலிகான் இம்பிளான்ட் ஒரு வழி. பல சமயம் முதல்ல ஒரு பை மாதிரி எக்ஸ்பாண்டரை வச்சு, வாரக்கணக்குல உப்புத் தண்ணி ஏத்தித் தோலை விரிச்சு, அப்புறம் மாத்துவாங்க. முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டு வர்றது இன்னொண்ணு. அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோட எடுத்து, மார்புல இருக்கிற ரத்தக்குழாயோட மைக்ரோஸ்கோப்ல பார்த்துத் தைக்கிறது மூணாவது, அதுக்குப் பேர் டீப் ஃபிளாப். எதுவுமே செய்யாம விடறதும் ஒரு வழி, அதுல ஒரு குறையும் இல்லன்னு அவங்களே சொன்னாங்க. பின்னாடி ரேடியேஷன் வந்தா இம்பிளான்ட்டைச் சுத்தி இறுகிப் போக வாய்ப்பு அதிகம், சொந்தச் சதை அதை இன்னும் நல்லாத் தாங்கும்னாங்க. இப்பவே செஞ்சுக்கணும்னு கட்டாயம் இல்ல, வருஷம் கழிச்சும் செய்யலாம். நான் அடிவயித்துச் சதையைத் தேர்ந்தெடுத்தேன். எட்டு மணி நேர ஆபரேஷன்.

இன்சூரன்ஸ் கவுன்ட்டர்ல "பிளாஸ்டிக் சர்ஜரிக்கு வராது"ன்னு ஒரே வார்த்தையில அனுப்பப் பார்த்தாங்க. பாலிசியை எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டினோம். அழகுக்காகச் செய்யற சர்ஜரியை விலக்குற பிரிவுலயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் இதுக்கு அப்புறம் செய்யற மறுசீரமைப்புக்கு விலக்கு கிடையாதுன்னு அச்சடிச்சிருக்கு. நம்ம நாட்டுல இப்ப இருக்கிற மருத்துவ பாலிசிகள்ல அந்தப் பிரிவுக்கு எண் எக்ஸ்க்ளூஷன் 08. புற்றுநோய்க்கான ஆபரேஷனோட பகுதிதான் இதுன்னு சர்ஜன்கிட்ட லெட்டர் வாங்கி வச்சுக்குங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே வாங்குங்க, அப்புறம் அலைய உடம்பு இருக்காது.

இப்ப வீட்டு விஷயம். இதை எந்த டாக்டரும் சொல்லல, நர்ஸம்மாதான் சொன்னாங்க. வயித்துல இடுப்புக்கு இடுப்பு தையல் இருக்கிறதால முதல் பத்து நாளாவது நிமிர முடியாது, குனிஞ்சேதான் நடக்கணும். பாயில படுத்து எழுந்திரிக்க முடியாது, கட்டில் வேணும். எங்க வீட்டுல தரையில உக்கார்ற கழிப்பறை. கமோட் ஸ்டூல் ஒண்ணு வாங்கினோம். அது மட்டும் இல்லன்னா என்ன பாடு பட்டிருப்பேனோ. பருப்பு டப்பா, காப்பிப் பொடி, அன்றாடம் எடுக்கிற பாத்திரம் எல்லாத்தையும் பரண்லயும் மேல் தட்டுலயும் இருந்து இறக்கி இடுப்பு உயரத்துல வச்சேன். முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டி ஆறு. அதுல உள்பக்கம் பை தைக்கச் சொன்னேன், டிரெயின் குப்பியை, அதாவது காயத்துல ஊறுற நீர் குழாய் வழியா வந்து சேர்ற குப்பியைப் போட்டுக்க. எனக்கு நாலு குப்பி: மார்புல ரெண்டு, வயித்துல ரெண்டு. தினமும் காலையில சாயங்காலம் அளந்து, எத்தனை மில்லின்னு பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல என் பொண்ணு எழுதுவா. 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழ வந்தா ஒவ்வொண்ணா எடுத்தாங்க.

சர்க்கரையைக் கட்டுக்குள்ள கொண்டு வரச் சொன்னாங்க. ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காம சொல்லிடுங்க. எதை எப்ப நிறுத்தறதுன்னு அவங்க சொல்வாங்க. வெத்தலையோட புகையிலை போடறவங்க கட்டாயம் சொல்லணும். சின்ன ரத்தக்குழாயை அது சுருக்கிடும், வச்சுத் தைச்ச சதைக்கு ரத்தம் போகாது.

பொண்ணுகிட்ட எட்டாவது நாள் சொன்னேன். பிளஸ் டூ படிக்கிறா. "எனக்கு மார்பகப் புற்றுநோய். ஒரு பக்கம் எடுக்கப் போறாங்க"ன்னு முழு வாக்கியமா. சொல்லி முடிச்சதும் என் நெஞ்சுல ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. அவ அழுதா. அழுது முடிச்சுட்டு, "நைட்டி என்ன கலர்ல வாங்கலாம்?"னு கேட்டா.

ஆபரேஷன் அன்னைக்குக் காலையில தாலிச் சங்கிலியைக் கழட்டணும்னாங்க. மாமியார் அதுக்கு முன்னாடியே மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத் துண்டைக் கோத்துக் கொண்டு வந்திருந்தாங்க. கட்டிவிட்டு என் காதுல, "எல்லாம் தெரியும்டி. நீ பயப்படுவியேன்னுதான் நான் தெரியாத மாதிரி இருந்தேன்"னாங்க. 17 நாளும் ஒருத்தரை ஒருத்தர் பாதுகாக்கிறோம்னு தனித்தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்.

முழிச்சப்போ ஒவ்வொரு மணி நேரமும் நர்ஸ் பேனா மாதிரி ஒரு கருவியைப் புது மார்பு மேல வச்சுக் கேப்பாங்க. உள்ள ரத்தம் ஓடுதான்னு பார்க்கிற டாப்ளர். உஷ், உஷ், உஷ்னு சத்தம். பொண்ணு வயித்துல இருந்தப்போ ஸ்கேன்ல கேட்ட அதே மாதிரிச் சத்தம். ரெண்டு நாள் ராத்திரி பூரா அதைக் கேட்டுக்கிட்டுத்தான் தூங்கினேன். மறுநாள் சிறுநீர் நீலம் கலந்த பச்சையாப் போச்சு, அக்குள்ல புற்றுநோய் பரவினா முதல்ல போய்ச் சேர்ற நிணநீர் முடிச்சைக் கண்டுபிடிக்க ஊசியில ஏத்தின சாயம் அது. முன்னாடியே சொல்லியிருந்ததால பயப்படல.

ஒண்ணு நினைவுல வச்சுக்குங்க: புது மார்புல உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. வலிக்குதேன்னு வெந்நீர்ப் பை வச்சிடாதீங்க. வெந்து போனாலும் தெரியாது.

&nbsp;

கோவையிலிருந்து:

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எனக்கு வேற மாதிரி நடந்தது, அதையும் இங்க சொல்லணும்னு நினைக்கிறேன்.

எனக்கு 38. ஆபரேஷன் அன்னைக்கே எக்ஸ்பாண்டர் வச்சாங்க. மூணாவது வாரம் தோல் சிவந்து காய்ச்சல் வந்தது. தொற்று. ஆன்டிபயாட்டிக் கேக்கல, எடுத்துட்டாங்க. ரெண்டாவது தடவை இழந்த மாதிரி இருந்தது. முதல் தடவையை விட அன்னைக்குத்தான் அதிகமா அழுதேன். இப்படியும் ஆகலாம்னு படிவத்துல ஒரு வரி இருந்தது, நான் கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன். அதனால தேதி கிடைச்சவங்களுக்குச் சொல்றேன், "சரியா வரலன்னா அடுத்து என்ன?"ன்னு டாக்டரைக் கேட்டு, பதிலைக் காதால கேட்டுட்டு வாங்க. எனக்கு கீமோ தள்ளிப் போயிடுமோன்னுதான் பெரிய பயம். பத்து நாள் தள்ளிப் போச்சு, அவ்வளவுதான்.

கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிச்சு ஒன்றரை வருஷம் கழிச்சு முதுகுத் தசையை வச்சு செஞ்சுக்கிட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல. சேலை கட்டினா தெரியாது, சுடிதார்ல கொஞ்சம் தெரியும். காம்பு வைக்கல. பச்சை குத்தற மாதிரி நிறம் வைக்கலாம்னாங்க, இன்னும் முடிவு பண்ணல.

&nbsp;

சென்னையிலிருந்து, 71 வயது:

கண்ணுகளா, நான் எதுவும் வச்சுக்கல. எனக்கு அடையாறுல ஆபரேஷன் ஆகி 14 வருஷம். 1954-ல முத்துலட்சுமி ரெட்டி அம்மா தன் தங்கை புற்றுநோயில செத்த துக்கத்துல நினைச்சு ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. வார்டுல எங்களை மாதிரி எத்தனையோ பேர், யாருக்கும் யாரும் புதுசு இல்ல.

எனக்குக் கஷ்டம் ஜாக்கெட்டுலதான் வந்தது. ஒரு பக்கம் தொளதொளன்னு நிக்கும், தோளும் ஒரு பக்கமா சாயும். எங்க தெரு டெய்லர்கிட்ட 20 வருஷமா தைக்கிறேன், அவர்கிட்ட எப்படிச் சொல்றது? ஆறு மாசம் சேலைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டே திரிஞ்சேன். ஒருநாள் போய் அவர் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அவங்க உள்ள கூட்டிட்டுப் போய் அளவெடுத்து, உள்பக்கம் பருத்தித் துணியில ஒரு பை வச்சு, மேல ஒரு வாய் விட்டுத் தைச்சாங்க. அதுல பஞ்சு வச்சா லேசா மேல ஏறிடுது, கொஞ்சம் எடை வேணும்னு சொல்லி, ஒரு சின்னத் துணி முடிச்சுல கடுகைக் கட்டி அடியில வச்சாங்க. அப்புறம் கடையில விக்கிற சிலிகானும் வாங்கினேன். கோடையில வேர்க்குது, கடுகுதான் எனக்குச் சௌகரியம். மாசம் ஒரு தடவை கடுகை மாத்திடுவேன்.

&nbsp;

மதுரையிலிருந்து, ஒரு கணவர்:

பெண்கள் பேசற இடத்துல எழுதலாமான்னு தெரியல. என் மனைவிக்கு ஆபரேஷன் ஆகி மூணு மாசம். வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவங்களால கையைத் தூக்கித் தலை வார முடியல. நான் வாரி விட்டேன். பின்னல் போட எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சின்னப் பொண்ணுகிட்ட ஒரு பொம்மையை வச்சுக் கத்துக்கிட்டேன். கட்டு பிரிக்கிற அன்னைக்கு வெளியே நிக்கவான்னு கேட்டேன். "உள்ள வாங்க, ஆனா முதல்ல நான் பார்த்துக்கிறேன்"னாங்க. அவங்க பார்க்கிற வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னேன். அப்புறம் "ம்"னாங்க, திரும்பினேன்.

டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சி, சுவத்துல விரலால ஏறுறது. பென்சில்ல தினமும் கோடு போட்டு வச்சிருக்கோம். நேத்து சுவிட்ச் போர்டைத் தாண்டியாச்சு.

&nbsp;

திருச்சியிலிருந்து (முதல்ல எழுதினவர்):

சென்னை அம்மா, அந்தக் கடுகு முடிச்சு எவ்வளவு பெருசுன்னு சொல்லுங்க. என்கூட கீமோ எடுத்த ஒருத்தங்க கேட்டாங்க, சனிக்கிழமை பார்க்கப் போறேன்.

தேதி கிடைச்ச தங்கச்சி, உங்க ஆஸ்பத்திரி திருச்சியா தஞ்சாவூரான்னு மட்டும் எழுதுங்க. பக்கம்னா நான் வர்றேன். நீங்க கேட்டா, நானும் காட்டறேன்.