செங்கோட்டைக்குள் இருக்கும் ஹயாத் பக்‌ஷ் தோட்டம்: பெற்றோருடன் எப்படிப் பார்ப்பது?

ஜனக்புரி வாசகர்:

வணக்கம். பிப்ரவரி நடுவில் என் பெற்றோர் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வருகிறார்கள். அப்பா பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். அரண்மனை, சிம்மாசனம் போன்றவற்றில் அவருக்குப் பெரிய நாட்டம் கிடையாது. ஆனால் ஷாஜகான் காலத்தில் யமுனைத் தண்ணீரைக் கால்வாய் வழியே பழைய தில்லிக்குள் கொண்டுவந்தார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து, அந்த வாய்க்கால்களையும் அவை பாய்ந்த தோட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. நெடுநேரம் நிற்க முடியாது. மதில் சூழ்ந்த பழைய நகரில் இன்றும் பார்க்கத்தக்கதாக எஞ்சியிருக்கும் தோட்டம் எது, இருவருக்கும் ஏற்றபடி அதை எப்படிப் பார்ப்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தரியாகஞ்ச் தமிழன்:

உங்கள் அப்பாவின் ஆர்வத்துக்குச் செங்கோட்டையின் வடகிழக்கு மூலையில் உள்ள ஹயாத் பக்‌ஷ் தோட்டத்தை விட்டால் வேறு இடம் இல்லை. கோட்டைக்குப் போகிற பெரும்பாலோர் பேரரசரின் தனி தர்பார் மண்டபமான திவான்-இ-காஸைப் பார்த்த கையோடு திரும்பிவிடுவதால், அந்தப் பக்கம் கூட்டமும் குறைவு.

கால்வாயின் கதையை அவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் வெட்டிய பழைய கால்வாயைத்தான் ஷாஜகான் காலத்தில் அலி மர்தான் கான் என்ற அரசவைப் பிரபு சீரமைத்து தில்லி வரை நீட்டினார். அதன் ஒரு கிளை சாந்தினி சௌக்கின் நடுவே ஓடியது. கோட்டைக்குள் ஷா புர்ஜ் என்ற மூலைக் கோபுரத்தை ஒட்டி வந்த தண்ணீர், அங்கே பளிங்குச் சரிவில் இறங்கி, கிழக்கு மேடையின் மீது தெற்கு நோக்கி ஒவ்வொரு மாளிகையாக ஊடுருவிச் சென்றது. பேரரசரின் தனி மாளிகையான காஸ் மகாலில் தராசு செதுக்கிய பளிங்குத் தடுப்பின் கீழே அந்த வாய்க்கால் நுழைவதை இன்றும் காணலாம். ஆகவே எல்லோரும் போகிற வரிசையில் போகாமல், முதலில் ஷா புர்ஜுக்குச் சென்று, அங்கிருந்து தண்ணீர் போன திசையிலேயே நடந்து வாருங்கள். பாசனத்தில் பழகிய கண்ணுக்கு வாட்டம் எப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

தோட்டத்தின் இரு கோடிகளிலும் எதிரெதிராக ஸாவன், பாதோன் என மழை மாதங்களின் பெயர் கொண்ட இரண்டு பளிங்கு மண்டபங்கள் உள்ளன. அவற்றில் தண்ணீர் அருவியாக விழும் இடத்துக்குப் பின்னால் சுவரில் வரிசை வரிசையாகச் சிறு மாடங்கள் இருப்பதைக் கவனியுங்கள். பகலில் அவற்றில் பூச்சாடிகளும் இரவில் விளக்குகளும் வைப்பார்களாம். விழும் நீர்த்திரைக்குப் பின்னால் சுடர் தெரியும்படியான ஏற்பாடு அது. நம் வீட்டு வாசலில் அகல் வைக்கும் மாடத்தைப் போன்ற அளவுதான் இருக்கும். நடுக்குளத்தில் நிற்கும் செம்மணற்கல் கட்டடமான ஸஃபர் மகால், கடைசி முகலாயரான பகதூர் ஷா 1842 வாக்கில் கட்டியது. என் கருத்தில் அது குளத்தின் அழகைக் கெடுத்துவிட்டது.

தண்ணீர் ஓடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வாய்க்கால்கள் பெரும்பாலும் வறண்டே கிடக்கின்றன. இப்போதுள்ள புல்வெளியும் முகலாயர் வைத்ததன்று. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் கோட்டையைப் படைமுகாமாக்கியபோது, இதற்கு மேற்கே இருந்த மெஹ்தாப் தோட்டம் அடியோடு மறைந்தது. அவர்கள் கட்டிய பாரக்குகளில்தான் இப்போது அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன. இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிய பகுதியையும் அப்பாவுக்குக் காட்டுங்கள். மலேயாத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்த படை அல்லவா அது.

மயூர் விஹார் மாமி:

மேலே சொன்னதெல்லாம் அப்பாவுக்குச் சரி, அம்மாவை யார் நினைத்தார்கள்? பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, லாகூர் வாசலில் நுழைந்து, சத்தா சௌக் கடைவீதி, நௌபத் கானா என்ற மேளவாத்திய வாயில், பொது தர்பார் மண்டபமான திவான்-இ-ஆம் என்று தாண்டித் தோட்டத்தை அடைவதற்குள் முழங்கால் ஓய்ந்துவிடும். எனக்கும் அதே உபாதை என்பதால் சொல்கிறேன். காஷ்மீரி கேட்டில் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள குத்ஸியா பாக்கை ஏன் யாரும் நினைப்பதில்லை? பேரரசர் அகமது ஷாவின் தாயார் குத்ஸியா பேகம் 1748 வாக்கில் அமைத்த தோட்டம் அது. நுழைவுக் கட்டணம் இல்லை. மரநிழலில் உட்காரலாம். பழைய வாயிலும் மசூதியும் இன்னும் நிற்கின்றன.

தரியாகஞ்ச் தமிழன்:

மாமி சொல்வது நியாயம்தான், ஆனால் குத்ஸியா பாக் மதிலுக்கு வெளியே இருப்பது. 1857-இல் ஆங்கிலேயர் நகரைத் தாக்கப் பீரங்கி வைத்த இடங்களில் அந்தத் தோட்டமும் ஒன்று. கேள்வி கேட்டவரின் அப்பா தேடும் வாய்க்கால் அமைப்பு அங்கே இல்லை. வேண்டுமானால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். செங்கோட்டைக்கு அடுத்த மெட்ரோ நிலையமே காஷ்மீரி கேட்தான்.

ஜனக்புரி வாசகர்:

இருவருக்கும் மிக்க நன்றி. சாந்தினி சௌக்கில் ஷாஜகானின் மகள் ஜஹானாரா அமைத்த பேகம் பாக் என்று ஒன்று உண்டாமே? அது மதிலுக்கு உள்ளேதானே இருக்கிறது?

தரியாகஞ்ச் தமிழன்:

உள்ளேதான், ஆனால் அதற்காகத் தனியாகப் போக வேண்டாம். 1860-களில் அதை ஒட்டி ஜஹானாரா கட்டிய பயணியர் சத்திரம் இருந்த இடத்தில் டவுன் ஹால் எழுந்தது. தோட்டத்தில் மிச்சமிருப்பது சாதாரணப் பூங்கா. வாய்க்காலின் தடம்கூடக் கிடையாது.

மயூர் விஹார் மாமி:

ஜனக்புரியிலிருந்து நீல வழித்தடத்தில் வந்து மண்டி ஹவுஸில் மாறினால் செங்கோட்டைக்கான லால் கிலா நான்காவது நிலையம். திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை. அப்பா ஷா புர்ஜிலிருந்து அளந்துகொண்டு வரட்டும். அம்மாவை நௌபத் கானா தாண்டியதும் புல்வெளியோரம் உட்காரவைத்துவிட்டு, ஓய்வெடுத்த பிறகு மெதுவாக ஸாவன், பாதோன் மண்டபங்களுக்கு மட்டும் அழைத்துச் செல்லுங்கள். பிப்ரவரி என்றாலும் காலையில் குளிரும். சால்வையை மறக்க வேண்டாம்.