ஐரோப்பாவின் காடழிப்பு விதி மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது, தோட்டப் பதிவை நிறுத்தி வைக்கலாமா?

சேர்வராயன்_காபி:
ஏற்காட்டு மலை ஊர்களில் சிறு விவசாயிகளிடம் காபி வாங்கி ஏற்றுமதிக்காரருக்குக் கொடுக்கிறேன், அவர் வழியாகச் சரக்கு இத்தாலி போகிறது. ஜிபிஎஸ் கொடு, பட்டா கொடு என்று அவர் நச்சரித்ததில் பாதித் தோட்டங்களைப் பதிவு செய்தாயிற்று. காடழித்த நிலத்தில் விளைந்த காபியை ஐரோப்பாவில் விற்கக் கூடாது என்ற இந்த விதி அமலாவது 2024 டிசம்பர் என்றார்கள், பிறகு 2025 என்றார்கள், இப்போது 2026 டிசம்பர் 30, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. ஊரில் "அதெல்லாம் வரவே வராது, விடுங்க" என்கிறார்கள். நான் சின்ன வியாபாரிதான், எனக்கு 2027 தானே? இந்தியாவை வேறு ஆபத்து குறைந்த நாடு என்று அறிவித்துவிட்டார்களே?

கப்பல்காரன்:
அந்த 2027 உங்களுக்கு இல்லை அண்ணே. சிறு நிறுவனம் என்று அவர்கள் பார்ப்பது அங்கே சரக்கை இறக்குகிறவரின் அளவை. உங்கள் இத்தாலிக்காரர் பெரிய கம்பெனி என்றால் 2026 டிசம்பர்தான் கெடு. நவம்பரில் பறிக்க ஆரம்பித்து, காயவைத்து, ஆலைக்குப் போய்க் கப்பல் ஏறும்போது 2027 பிறந்துவிடும், அதாவது 2026 நவம்பரில் பறிக்கும் பழமே விதிக்குள் வந்துவிடுகிறது. தள்ளிப்போனது அமல் தேதி மட்டும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்திருக்கக் கூடாது என்பதில் ஒரு நாள்கூட நகரவில்லை.

ஆபத்து குறைந்த நாடு என்பதால் இறக்குமதியாளருக்கு ஆபத்தை மதிப்பிட்டு எழுதும் வேலை மிச்சம், அவ்வளவுதான். தோட்டம் எங்கே இருக்கிறது என்பதை அவர் கேட்டே ஆக வேண்டும்.

எல்லைக்கல்:
பழனி மலைப் பக்கம் தோட்டங்களை அளந்து பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். 4 ஹெக்டேருக்குள், அதாவது சுமார் 10 ஏக்கருக்குள் இருந்தால் ஒரே ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றி வரைய வேண்டும். தசமத்துக்குப் பின் 6 இலக்கம் கட்டாயம். போனில் அட்சரேகை முதலில் வரும், தோட்ட இடங்களைப் பதிந்து அனுப்பும் ஜியோஜேசன் (GeoJSON) கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில். மாற்றிப் போட்டால் 11.77, 78.20 என்ற ஏற்காட்டுத் தோட்டம் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும்!

நிழல் மரம்தான் நமக்குப் பெரிய தலைவலி. சில்வர் ஓக்கும் பலாவும் அடர்ந்திருக்கும் தோட்டம் மேலிருந்து பார்த்தால் காடு மாதிரியே தெரியும், ஐரோப்பிய ஆணையத்தின் 2020 காட்டு வரைபடமும் சில இடங்களில் அப்படித்தான் காட்டுகிறது. அந்த வரைபடம் சட்டப்படி இறுதியானது இல்லை, விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் காட்டுக் கணக்கில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டுமே, பழைய அடங்கல் (என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதியிருப்பது), காபி விற்ற ரசீது எல்லாவற்றையும் இப்போதே திரட்டி வையுங்கள்.

சேர்வராயன்_காபி:
தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா இருப்பதால் இன்னும் பதிவாகாமல் நிற்கிறவர்களை என்ன செய்வது? அந்த மூட்டைகளைத் தனியாக வைக்க எனக்கு இடமும் இல்லை.

கப்பல்காரன்:
இடம் பிடித்தே ஆக வேண்டும் அண்ணே. பதிவான சரக்கோடு பதிவில்லாத நாலு மூட்டை கலந்தாலும் மொத்த லாட்டும் போச்சு. கூட்டுப் பட்டாவுக்குப் பங்காளிகளைக் கூட்டிப் பேசி நிலத்தைப் பிரித்துத் தனிப் பட்டா வாங்க உட்பிரிவுக்கு மனுப் போடச் சொல்லுங்கள், அது இழுக்கும், அதனால்தான் விதி தள்ளிப்போன இந்த ஒரு வருடமே நமக்கு லாபம். அப்புறம் எடுத்த புள்ளிகளின் நகல் உங்களிடமும் விவசாயியிடமும் இருக்கட்டும். மொத்தத்தையும் ஏற்றுமதிக்காரரிடம் மட்டும் கொடுத்துவிட்டால் நாளைக்கு வேறு ஆளிடம் நல்ல விலைக்குப் போக முடியாது.