ஞாயிறு லட்சுமி மில்ஸில் சந்திப்பு

அருவங்காடு சித்தி: மாப்பிள்ளை வீட்டார் பேசினார்கள். ஞாயிறு நிச்சயப் புடவை எடுக்கும் முன் கோவை லட்சுமி மில்ஸில் சந்திக்கலாமாம்.

கேத்தி அத்தை: மில்லிலா? அங்கே என்ன பேச்சு?

ரம்யா: அத்தை, அவினாசி ரோட்டு மில்தான். இப்போது அங்கே கடைகள், காபி ஷாப், கலை நிகழ்ச்சிகள் எல்லாம் வந்துவிட்டன.

கேத்தி அத்தை: அப்பா நூல் நூற்கும் மெஷினில் சைடராக நின்ற இடத்தில் காபியா

வெலிங்டன் பெரியப்பா: அக்கா, வருத்தப்படாதே. 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய மில் அது. 1932-ல் நம் நீலகிரி பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. அப்பா ஓட்டிய ரிங் பிரேம், அந்த நூற்பு மெஷின், நம் மலைத் தண்ணீரில் சுற்றியது என்றே நான் சொல்வேன். பம்பாயில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பல மில்கள் மூடி, அந்த இடமெல்லாம் அடுக்குமாடியும் மாலும் ஆகிவிட்டது. இங்கே பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டே கடை போட்டிருக்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் கலைக்கு இடம் கொடுக்கும்போது பஞ்சுத் தூசியில் மூன்று ஷிப்டும் நின்றவர்களின் கதைக்கும் ஒரு சுவர் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த டிபார்ட்மென்ட் இருந்தது என்று அப்பாவுக்குத்தான் தெரியும். அவரையும் அழைத்துப் போவோம். ரம்யா பக்கத்தில் இருந்து அவர் பேசுவதை ரெக்கார்ட் செய்யட்டும்.

ரம்யா: கண்டிப்பாக பெரியப்பா

கேத்தி மாமா: வர்க்கி எத்தனை கிலோ?

கேத்தி அத்தை: மலை இறங்கும்போது பர்லியாறு வளைவு வந்தால் அப்பாவுக்குத் தலை சுற்றும். யார் பார்ப்பது?

வெலிங்டன் பெரியப்பா: நான்.

கேத்தி அத்தை: போன தடவை ஆஸ்பத்திரிக்கும் இதையேதான் சொன்னாய்.

அருவங்காடு சித்தி: அண்ணி, இங்கே வேண்டாம். பாப்பாவும் குரூப்பில் இருக்கிறாள்.

ரம்யா: திரும்பி மலை ஏறும்போது வெளியூர் வண்டிகளுக்குக் கேட்கும் இ-பாஸ் நம்மிடமும் கேட்பார்களா?

வெலிங்டன் பெரியப்பா: நம் வண்டி டிஎன் 43, நீலகிரிப் பதிவு. தேவையில்லை.

கேத்தி மாமா: உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்கிறார்.

கேத்தி அத்தை: அதற்குள் சொல்லியாயிற்றா?

கேத்தி அத்தை: சரி. முன் சீட் அவருக்கு. வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்த வேண்டும்.

அருவங்காடு சித்தி: நீங்களும் வருகிறீர்கள்தானே அண்ணி? 10 மணி என்று அவர்களிடம் சொல்லிவிடவா?

கேத்தி மாமா: 3 கிலோ சொல்லிவிட்டேன். 10 என்றால் இங்கிருந்து 7-க்குக் கிளம்ப வேண்டும். 11 என்று கேட்டுப் பாருங்கள்.