எருசலேமில் 'ஊசியின் காது' வாசல் எங்கே இருக்கிறது?

செம்பவாங் வாத்தியார்:
எட்டு வருஷமாகச் சிங்கப்பூரில் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னாரே, அந்த இடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். எருசலேம் மதிலில் 'ஊசியின் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, பெரிய வாசலை அடைத்த பிறகு வந்து சேரும் வியாபாரி மூட்டைகளை எல்லாம் இறக்கிவைத்து ஒட்டகத்தை முழங்காலில் நகர்த்தி உள்ளே கொண்டுபோவான், நாமும் அப்படிச் சுமையை இறக்கிவிட்டு முழங்காலில் நிற்கவேண்டும். ஒருமுறை முதுகில் பள்ளிப் பையோடு தவழ்ந்தே காட்டினேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சபையோடு எருசலேம் போனபோது அந்த வாசலைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று வழிகாட்டியைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். எந்தக் குழு வந்தாலும் ஒருத்தராவது இதைக் கேட்பாராம், ஆனால் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்றே கிடையாதாம். அப்புறம் யோசித்தால், இப்போது நிற்கிற மதிலே துருக்கி சுல்தான் சுலைமான் 1537 முதல் 1541 வரை கட்டியது. அதில் போய் இயேசு காலத்து வாசலைத் தேடியிருக்கிறேன்.

அடுத்த மாதம் அதே பாடம் வருகிறது. இத்தனை நாள் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லப்போகிறேன். மூத்தவர்கள் இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்காங் அக்கா:
எதற்குத் தம்பி இந்த வேண்டாத வேலை? நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவன் எந்த ஊர்க்காரன், எந்தச் சத்திரத்தில் தங்கவைத்தார்கள் என்று யாராவது ஆராய்ச்சி செய்தார்களா? பாடம் மனதில் நின்றால் போதாதா? பெத்லகேம் கோயிலின் குட்டை வாசலில் எங்கள் அம்மா, 74 வயது, இரண்டு முட்டியிலும் வலி, என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போய் நிமிர்ந்தபோது முகமெல்லாம் கண்ணீர். 'தாழ்மையின் வாசல்' என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அங்கே போய் அம்மாவிடம் வரலாறு பேசச் சொல்கிறீர்களா?

ஓஃபிர் ரோட்டுக்காரன்:
கத்தோலிக்கன், லூர்து மாதா கோயில் பங்கு ஆள் நான், அதனால் இதைக் கொஞ்சம் ரசித்துத்தான் படிக்கிறேன். பாரம்பரியக் கதைகளை நம்புகிறோம் என்று எங்களைக் கேலி செய்வீர்களே, உங்களுக்கும் ஒரு வாசல் இருந்திருக்கிறது! எருசலேமில் 'தோட்டக் கல்லறை' என்று உங்கள் குழுக்களைக் கூட்டிப்போகிறார்களே, ஜெனரல் கோர்டன் என்ற ஆங்கிலேயர் 1883ல் அங்கே வந்து இயேசுவை அடக்கம் செய்தது இங்கேதான் என்று சொன்ன பிறகுதான் அதற்கு இவ்வளவு பேர். அது இயேசுவுக்குப் பல நூற்றாண்டுக்கு முந்திய கல்லறை என்கிறார்கள் தொல்லியல்காரர்கள், நற்செய்தியில் இருப்பதோ புதிய கல்லறை. நாங்கள் போகும் திருக்கல்லறைக் கோயிலாவது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து, நாலாம் நூற்றாண்டிலிருந்து, அதே இடம்.

ஆனால் அக்கா, பெத்லகேம் வாசல் விஷயம் வேறு. அது தாழ்மைக்காகக் கட்டியது இல்லை. வெளியே நின்று சுவரைப் பார்த்தால் தெரியும்: மேலே பேரரசர் ஜஸ்டீனியன் காலத்துப் பெரிய வாசலின் உத்தரம், அதற்குக் கீழே சிலுவைப் போர்க்காரர்கள் வைத்த கூரான வளைவு, அதையும் அடைத்து மிச்சம் விட்டதுதான் இப்போதுள்ள பொந்து, உயரம் சுமார் 1.2 மீட்டர். குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகுந்து கொள்ளையடிக்கக்கூடாது என்று துருக்கியர் காலத்தில் குறுக்கினார்கள் என்பதுதான் சொல்லப்படும் காரணம்.

செங்காங் அக்கா:
குதிரைக்காகவே குறுக்கியிருக்கட்டும். எங்கள் அம்மா குனிந்தது பொய்யாகிவிடுமா?

செம்பவாங் வாத்தியார்:
ஆகாது அக்கா. வாசல் அங்கே இருக்கிறது, அம்மா குனிந்தார், அவ்வளவுதான், அதில் யாரும் கை வைக்க முடியாது. சமாரியன் கதையையும் கதை என்று தெரிந்துதான் கேட்கிறோம். நான் பிள்ளைகளிடம் சொன்னதோ, இந்த ஊரில் இந்த வாசல் இருந்தது என்று ஒரு செய்தி. நாளைக்கு ஒருத்தன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, வாத்தியார் சொன்னதில் வேறு எதெல்லாம் புளுகு என்று கேட்டால்?

நான்காம் மாடி:
புளுகு என்பதைவிட, அது வசனத்தையே கவிழ்த்துவிடுகிறது. மூட்டையை இறக்கினால் ஒட்டகம் போய்விடும் என்றால் சீஷர்கள் ஏன் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படுவார்கள் என்று கேட்கவேண்டும்? மனுஷரால் முடியாது, தேவனால் முடியும் என்று இயேசு ஏன் பதில் சொல்லவேண்டும்? முடியாததைக் கொஞ்சம் சிரமம் என்று ஆக்கிவிட்டார்கள். கொண்டோவும் காரும் வைத்திருக்கிற நம் சபையாருக்கு ரொம்ப வசதியான வாசல்.

செங்காங் அக்கா:
நான் அரசாங்க வீவக அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறேன், மூன்றறை. என்னை இழுக்காதீர்கள்.

பழைய சுவர்:
எதற்கு விமானம் ஏறவேண்டும்? சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கினால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். அதன் சுவருக்குப் பூசிய மெட்ராஸ் சுண்ணாம்பில் சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரையும் சேர்த்திருக்கிறார்கள். கேட்டால் கட்டுக்கதை மாதிரி இருக்கும், ஆனால் அப்படித்தான் செய்தார்கள். முதலில் இருந்த கோயிலில் 1845லும் 1849லும் இரண்டு தடவை இடி விழுந்தது, அதை இடித்துவிட்டு 1856ல் தொடங்கி 1862ல் பிரதிஷ்டை செய்தது இப்போதுள்ளது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825லிருந்து 1873 வரை இங்கே அந்தக் கைதிகள் இருந்தார்கள், நம் ஊர்ப் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. அங்கே கூட்டிப்போய்ப் பாடம் சொல்பவர்கள், கரடுமுரடான சிப்பி எப்படி வழவழப்பாயிற்று பாருங்கள், தேவன் நம்மையும் அப்படி மாற்றுவார் என்று அழகாகப் பேசுவார்கள். இடித்து, குழைத்து, தேய்த்த கைகளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தங்கள் சாமி இல்லாத கோயிலை வெயிலில் நின்று கட்டியிருக்கிறான் பாருங்கள், அவனில் ஆரம்பிக்கவேண்டிய பாடம் அது.

ஓஃபிர் ரோட்டுக்காரன்:
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன், முட்டைக் கதை தெரியும், கைதிகள் கதை தெரியாது.

செங்காங் அக்கா:
சுவரைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் நானும் வருகிறேன். ஆனால் தம்பி, அந்தத் தவழ்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் சபையிலும் ஒருத்தர் அப்படித்தான் செய்து காட்டினார், என் பையன் தேசிய சேவையே முடித்துவிட்டான், இன்னமும் ஞாயிறு பள்ளி என்றால் அது ஒன்றுதான் அவன் வாயில் வருகிறது.

செம்பவாங் வாத்தியார்:
தவழ்கிறேன் அக்கா. இந்தத் தடவை வீட்டுத் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசியைக் கொண்டுபோய் முன்வரிசைப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுத்து, காது பக்கத்தை எனக்கு நேராகப் பிடிக்கச் சொல்லப்போகிறேன். பையும் முதுகில் இருக்கும்.

செங்காங் அக்கா:
முட்டி பத்திரம்.