ஓவியம் சொல்லிக் கொடுத்த பாட்டிகள்: உங்க அனுபவத்தையும் பகிருங்க

காவிரிக்கரை

பாட்டி போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ஒரே ஒரு மத்தியானம் மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, அதான் எழுதறேன்.

அரசுப் பெண்கள் பள்ளியில ஓவிய ஆசிரியை. ரிட்டயர் ஆன பிறகும் லோயர், ஹையர் ஓவியப் பரீட்சை எழுதற பிள்ளைங்க வீட்டுக்கு வந்துட்டே இருந்தாங்க. கடைசிக் காலத்துல க்ளூக்கோமா. பார்வை பெரும்பாலும் போயிடுச்சு. அப்பதான் புதுக்கோட்டை பக்கத்துல இருக்கற சித்தன்னவாசல் போகணும்னு ஒரே பிடிவாதம். வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போன இடம். மாமா வண்டி எடுத்தார்.

அங்க அறிவர் கோயில்ங்கற சமணக் குகைக்குள்ளே போய் நின்னதும் மேல்கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்த்தாங்க. "எல்லாம் வெளுப்பா இருக்கு"ன்னாங்க. அப்புறம் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலால காத்துல கோடு போட ஆரம்பிச்சாங்க. "இங்க யானை. இங்க மீன். தாமரை இலை விளிம்பு சுருண்டிருக்கா? அந்தச் சுருளை ஒரே இழுப்புல இழுக்கணும், நடுவுல பென்சிலை எடுத்தா போச்சு. இதோ பூப் பறிக்கறவர், ஒரு கை பறிக்குது, இன்னொரு கையில பூக்கூடை. மகேந்திரவர்மன் காலத்துக் கோடுடி இது." விரல் போற பக்கமெல்லாம் நான் பார்க்கறேன், சொன்னது சொன்ன இடத்துல இருக்கு. பின்னாடி நின்ன ஒரு குடும்பமும் அவங்க விரலையே பார்த்துட்டு நின்னுது.

திடீர்னு என் பக்கம் திரும்பி, "அன்னம் எந்தப் பக்கம் பார்க்குது, சொல்லு"ன்னாங்க. சொன்னேன். "ம், சரி." பரீட்சைத் தாள் திருத்தற அதே குரல்.

உறுத்தறது இதுதான். எங்க வீட்டுல அவங்க போட்ட படம்னு ஒண்ணுகூட இல்லை. அத்தனை வருஷமும் போட்டது கரும்பலகையில, கலர் சாக்பீஸ்ல. பெல் அடிச்சதும் அடுத்த வகுப்பு டீச்சர் வந்து அழிச்சுட்டு கணக்கு போடுவாங்க. தனக்குன்னு ஒரு தாள்ல ஏன் போட்டுக்கலைன்னு எனக்கு இன்னும் புரியலை. உங்க பாட்டிங்களும் இப்படித்தானா?

மானாமதுரை ராஜி

எங்க அப்பத்தாவும் டிராயிங் மிஸ்தான். படம் ஒண்ணு ரெண்டு இருக்கு, ஆனா எனக்கு ஞாபகம் வர்றது ஒரு பானைதான்.

எங்க ஊர்ல மண்பானைக்குப் பஞ்சமா? திண்ணையில ஒரு குடத்தை வச்சு மாடல் டிராயிங் பழக்குவாக. எல்லாரும் வாயை முட்டை வடிவத்துல சரியாப் போட்டுட்டு, அடியை நேர்கோடா இழுத்துருவோம், தரையில உக்காந்திருக்கில்ல, தட்டையாத்தான இருக்கும்னு. அப்பத்தா ஒண்ணும் சொல்லல. அடுப்படிக்குப் போயி ஒரு கண்ணாடி டம்ளர்ல பாதித் தண்ணியோட வந்தாக. கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிச்சாக. தண்ணி ஒரு கோடு. மெல்ல கீழ இறக்க இறக்க அந்தக் கோடு வாய் தொறந்துச்சு, முட்டையாச்சு, இன்னும் கீழ போகப் போக வட்டமாச்சு. "வாயைவிட அடி உன் கண்ணுக்கு ரொம்பக் கீழ இருக்கு. அப்ப எது அதிகம் வளையணும்?"

அவ்வளவுதான் பாடம். நான் இப்ப துணிக்கடையில கணக்கு எழுதுறேன், படத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா யாராச்சும் டம்ளரைத் தூக்குனா தண்ணியத்தான் பாக்குறேன்.

கல்வெட்டுப் பிரியன்

காவிரிக்கரை அவர்களுக்கு ஒரு திருத்தம். சித்தன்னவாசல் ஓவியம் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம் என்பது பழைய கருத்து. பாட்டி படித்த காலத்துப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது, அவரைக் குறை சொல்லவில்லை. குகைக்கு வெளியே இருக்கும் கல்வெட்டு பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தது, 9ஆம் நூற்றாண்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள் மண்டபத்தைப் புதுப்பித்து முன்னால் முகமண்டபம் எடுத்தார் என்று அதில் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் தாமரைக் குள ஓவியத்தை அந்தத் திருப்பணியோடு சேர்த்துத்தான் பலரும் பேசுகிறார்கள். இங்கே நாலு பேர் படித்துவிட்டு பல்லவர் என்றே பரப்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

என் பெரியம்மா ஓவிய ஆசிரியை. அவர் போனபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். தாள்கள் முழுக்க ராமபாணப் பூச்சி அரித்து, தொட்டால் உதிர்ந்தது. ஒரு மயிலின் கழுத்து மட்டும் தப்பியது. அதிலிருந்துதான் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்:

படங்களை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சள் கறை இறங்கும். செய்தித்தாளில் சுற்றி வைத்தால் அந்தப் பழுப்பு படத்துக்கும் ஏறும். பச்சை வேப்பிலை வைப்பவர்கள் உண்டு, அது ஈரத்தைக் கொண்டுவரும். இலை நன்றாகக் காய்ந்தபின் வையுங்கள். சட்டம் போடுவதாக இருந்தால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், பேஸ்டல் என்றால் கட்டாயம். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் ஓதம் ஏறும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுத்து வையுங்கள். போன் தாளுக்கு நேர் மேலே இருக்கட்டும், சாய்ந்தால் கோடு கோணும். பின்பக்கத்தையும் எடுங்கள். பழைய ஆசிரியர்கள் தேதியும் வகுப்பும் பின்பக்கம்தான் எழுதுவார்கள்.

திருவல்லிக்கேணி பேத்தி

எங்க ஆயா மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவங்க, சிற்பி ராய் சௌத்ரி பிரின்சிபாலா இருந்த காலத்துல. அப்புறம் வாழ்க்கை முழுக்க ஸ்கூல்ல டிராயிங் வகுப்பு.

பீச்சுக்குப் போனா மத்தவங்க பாட்டி சுண்டல் வாங்கித் தருவாங்க. எங்க ஆயா முதல்ல உழைப்பாளர் சிலைகிட்ட நிறுத்திடுவாங்க. 1959-ல வச்ச சிலை, எங்க வாத்தியார் செஞ்சதுன்னு பெருமையா சொல்லுவாங்க. ஒரு நாள் என்னை அந்தக் கடைசி ஆள் மாதிரி நிக்கச் சொன்னாங்க. ரோட்டுல எல்லாரும் பாக்குறாங்க. நின்னேன். என் முதுகுல ஒரே ஒரு விரலை வச்சுத் தள்ளுனாங்க, தடுமாறி முன்னாடி போய்ட்டேன். "பாறையத் தள்றவன் தோள்ல தள்றானா? பின்னங்கால் குதிகாலப் பாரு. பலம் அங்கேர்ந்து வருது. மறுபடி நில்லு." மறுபடி நின்னேன். இந்த வாட்டி தள்ள முடியல அவங்களால.

சிரிச்சாங்க பாருங்க, அந்தச் சிரிப்பு. அதுக்காகத்தான் இதை எழுதுனேன்.

வடலி

என்ர அம்மம்மா யாழ்ப்பாணத்தில சித்திர ரீச்சர். 95 யுத்த இடப்பெயர்வில நாங்கள் தென்மராட்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில இருந்தனாங்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அம்மம்மா ஒரு நாள் அடுப்பில கிடந்த கரியையும் ஓட்டுத் துண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்து, மண்டபத்துச் சீமெந்து நிலத்தில பிள்ளையளைக் கீறவிட்டா. ஒரு பெடியன் ஹெலி, ஹெலிகொப்டர், அது மட்டும்தான் கீறுவான். ஒவ்வொரு நாளும் ஹெலி. தாய்க்காரி அழுதுகொண்டு வந்து, "ரீச்சர், பூ கீறப் பழக்குங்கோ"வெண்டு கேட்டா. அம்மம்மா அவனுக்குப் பக்கத்தில குந்தியிருந்து, "வால் கட்டையாப் போச்சு அப்பன். வாலிலயும் ஒரு சின்னக் காத்தாடி இருக்குமெல்லே?" எண்டா. அவன் யோசிச்சு, சரியா அந்த இடத்தில வைச்சான். தாயிட்ட அம்மம்மா சொன்னது: "அவன் கண்டதைத்தான் கீறுறான். அதைச் சரியாக் கீறட்டும். பூ பிறகு வரும்."

கல்வெட்டுப் பிரியன், நீங்கள் சொன்ன முறை எல்லாம் நல்லது. ஆனா எங்களிட்ட எடுத்து வைக்கத் தாளே இல்லை. நிலத்தில கீறினதைப் பின்னேரம் கழுவிப்போட்டுத்தான் பாய் விரிக்கிறது. காவிரிக்கரை, உங்கட பாட்டியின்ர சோக்குப் படம் எனக்கு விளங்குது. அவவுக்குத் தாள் தேவைப்படேல்லை எண்டுதான் நான் நினைக்கிறன்.

மேலவீதி

தஞ்சாவூர் படம் பழக்கின பாட்டி எங்களுது. கூடத்துல அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையா உட்கார்ந்து பலகையில துணி ஒட்டி, சுக்கான் மாவும் பசையும் கலந்து மக்கு வச்சு, ஜெய்ப்பூர் கல் பதிச்சு... தங்கத்தாள் ஒட்டற அன்னைக்கு ஃபேன் ஓடாது. மே மாசமா இருந்தாலும் ஓடாது. பேசினாகூட தாள் பறந்துடும்னு வாயை மூடிட்டு வேர்த்து ஊத்த வேலை நடக்கும்.

கண் திறக்கறது மட்டும் கடைசி. அதைப் பாட்டிதான் செய்வாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க, வீட்டுக்காரர் தவறினப்புறம் பழக வந்தாங்க. வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர் போட்டாங்க. கண் திறக்கற நாள் வந்ததும் கூடத்துல ஒரு முணுமுணுப்பு, "அதை மாமியே பண்ணிடட்டும்"னு. ஏன்னு எல்லாருக்கும் தெரியும். பாட்டி மெல்லிசு பிரஷை எடுத்து, நுனியை ஈரம் பண்ணி, கறுப்பு தொட்டு, அந்த அக்கா கையிலேயே கொடுத்தாங்க. "மூச்சை அடக்கு. மேல் இமை முதல்ல. வை." அக்கா கை நடுங்கவே இல்லை. முணுமுணுத்தவங்கதான் மூச்சை அடக்கிட்டு நின்னாங்க.

பாட்டி அதைப் பத்தி அப்புறம் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. அந்த அக்கா இன்னைக்குத் தனியா வகுப்பு எடுக்கறாங்க.

கல்வெட்டுப் பிரியன் சார், வெளிச்சுவர் பத்தி நீங்க சொன்னது எங்க படங்களுக்கு இன்னும் முக்கியம். ஓதம் ஏறினா மக்கு விட்டுக் கல் உதிரும்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. கல்வெட்டுப் பிரியன் சார், திருத்தத்தை ஏத்துக்கறேன். அங்க வேலை செஞ்சவர் பேர்லயே ஆசிரியன்னு இருக்குன்னு தெரிஞ்சா பாட்டி அதைக் கரும்பலகையில எழுதிப் போட்டிருப்பாங்க. ஆனா வடலி அக்கா சொன்னதை என்னால இன்னும் முழுசா ஏத்துக்க முடியலை. அவங்களுக்குத் தாள் தேவைப்படலை, சரி. எனக்குத் தேவைப்படுதே.

ஒண்ணு தோணுது. பாட்டி திருத்தும்போது பிள்ளைங்க நோட்டுலயே ஓரத்துல சின்னதா போட்டுக் காட்டுவாங்க, ஒரு இலை, ஒரு மூக்கு, ஒரு கைவிரல். சிவப்பு பேனாவுல. 1970, 80கள்ல கும்பகோணத்துல அரசுப் பெண்கள் பள்ளியில படிச்சவங்க வீட்டுப் பரண்ல பழைய டிராயிங் நோட்டு இருந்தா பாருங்க. ஓரத்துல சிவப்புக் கோடு இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, போதும்.

மானாமதுரை ராஜி

எங்க பெரிய நாத்தனார் கும்பகோணத்துலதான் பத்தாவது முடிச்சாக, நீங்க சொல்ற காலந்தான். எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன். அவுக எதையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போடுற ஆளு இல்ல.