‘டூப்ளெக்ஸ்’ நாளத்துக்குத் தமிழ்ப் பெயர்: இரட்டையா, இணையா, கவையா?

வணக்கம் ஐயா,

அந்துப்பூச்சி ஆணின் இனப்பெருக்க நாளங்கள் பட்டியலில் ‘டக்டஸ் எஜாகுலேட்டோரியஸ் டூப்ளெக்ஸ்’ என்பதற்கு ‘இரட்டை விந்து பீச்சு நாளம்’ என்று போட்டிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் செக்‌ஷனை (உறுப்பை மெல்லியதாகச் சீவிய துண்டை) நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவரை அந்தப் பெயர் இரண்டு இடத்தில் இடறவிடும்.

முதலாவது, ‘பீச்சு’. பல பூச்சிகளில் பீச்சு நாளத்தின் உட்புறம் கியூட்டிகிள் (பூச்சியின் மேல்தோலில் இருப்பது போன்ற உறை) படிந்திருக்கும். மாணவர் அதையே தேடுவார். டூப்ளெக்ஸில் அது கிடையாது. வெளியே தசை, உள்ளே அடிப்படலம், அதன்மேல் ஒரே அடுக்காகத் தூண் செல்கள், நடுவில் சுரப்பு நிரம்பிய உட்குழி. அதன் முக்கிய வேலையும் பீச்சுவதன்று, கலவி வரை விந்தணுவை வைத்திருப்பது. மாவு அந்துப்பூச்சியான எஃபெஸ்டியாவில் விந்தணு நாள்தோறும் ஒரு தாளத்தில் விந்தகத்தை விட்டு இறங்குகிறது. விந்து நாளத்தின் மேற்பகுதியில் சில மணி நேரம் தங்கி, விந்துப்பை வழியாக டூப்ளெக்ஸுக்குப் போய்விடுகிறது. பெயரில் பை இருந்தாலும் விந்துப்பை வெறும் சத்திரம், களஞ்சியம் டூப்ளெக்ஸ்தான்.

இரண்டாவது, ‘இரட்டை’. இரட்டைக் குழல் துப்பாக்கி மாதிரி ஒட்டிய இரு குழல்கள் என்று படும். உண்மையில் இடமும் வலமும் தனித்தனிக் குழல்கள். ஒவ்வொன்றின் முன்நுனியும் துணைச்சுரப்பியாக நீளும். விந்து நாளம் பக்கவாட்டில் வந்து சேரும். பின்னால் இரண்டும் கூடிச் சிம்ப்ளெக்ஸ் என்ற ஒற்றை நாளம் ஆகும். கவட்டைக் கம்பைப் பார்த்தவருக்கு இந்த வடிவம் உடனே பிடிபடும். ஆகவே ‘கவைநாளம்’ என்கிறேன். சிம்ப்ளெக்ஸுக்குத் ‘தனிநாளம்’.

*

வணக்கம்.

‘இணைநாளம்’ என்று மாற்ற நினைத்திருந்தேன். ‘இணைக்கும் நாளம்’ என்றும் அதைப் படிப்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன். கவைநாளம் எனக்குச் சம்மதம்.

‘தனிநாளம்’ மட்டும் போதாது. அதன் முன்பகுதியில் கியூட்டிகிள் இல்லை, சுரக்கும் செல்கள்தான். பின்பகுதிக்குக் கியூட்டிகிள் உள்ளுறை உண்டு. செக்‌ஷன் வெட்டும்போது தொல்லை தருவதும் அந்தப் பின்பகுதியே. திசு கெடாமல் நிலைநிறுத்தும் புவான் கரைசலில் (நிறைவுற்ற பிக்ரிக் அமிலம் 75 மி.லி., ஃபார்மலின் 25, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5) ஓரிரவு வைத்து, 70% ஆல்கஹாலில் மஞ்சள் இறங்கும்வரை மாற்றி மாற்றிக் கழுவி, மெழுகில் பதித்து 5 மைக்ரோமீட்டரில் வெட்டினால் கவைநாளம் ஒழுங்காக வரும். உள்ளுறை உள்ள பகுதியில் மெழுகு சரியாக ஏறாது. அது பிய்ந்து மடியும். கடினமான ஆண்குறியையும் சேர்த்துப் பதித்தால் கத்தி பட்டு, சீவல்கள் ஒட்டித் தொடராக வரும் ரிப்பனே கிழியும்; பதிக்கும் முன்பே அதை நறுக்கி எடுத்துவிட வேண்டும். எனவே ‘சுரப்புத் தனிநாளம்’, ‘உறைத் தனிநாளம்’ என்று இரண்டாகப் பிரிப்போம்.

இன்னொரு எச்சரிக்கையும் விளக்கக் குறிப்பில் வேண்டும். உட்குழிச் சுரப்பு ஆல்கஹாலில் நீர் போய்க் கெட்டியாகி வெடிக்கும். இயோசின் சாயத்தில் சிவந்த அந்தக் கட்டியின் விரிசல்களைத் தடுப்புச்சுவர் என்று படம் வரைந்துவிடக் கூடாது. நாளம் சுருண்டு கிடப்பதால் ஒரே செக்‌ஷனில் பல வட்டங்கள் தெரியும். தொடர் செக்‌ஷன் இல்லாமல் எது எந்தப் பகுதி என்று பெயரிட முடியாது. அந்துப்பூச்சி விந்தணு இருவகை: உட்கருவுள்ளது, உட்கருவற்றது. கவைநாளத்துக்கு நல்ல அடையாளம், உட்கருவுள்ள விந்தணுக்கள் கற்றை கலையாமல் கிடப்பது. பட்டுப்பூச்சியில் கற்றைக்கு 256. உட்கருவற்றவையோ விந்தகத்தை விட்டு வரும்போதே உதிரியாகிவிடும்.

பட்டுப்பூச்சியில் சொல்லப்படும் ‘குளாண்டுலா புராஸ்டாட்டிகா’வைப் ‘புராஸ்டேட் சுரப்பி’ ஆக்காதீர்கள். அது தனிச் சுரப்பி அன்று, பீச்சு நாளத்தின் கடைசித் துண்டு. உட்கருவற்றவற்றை நீந்தவைப்பதும் விந்துப்பொதிக்குள் (ஆண் பெண்ணுக்குள் செலுத்தும் விந்துப் பொட்டலத்துக்குள்) கற்றையைக் கலைப்பதும் அதன் புரதச்சிதைப்பு நொதிதான். ‘ஈற்றுச் சுரப்புப்பகுதி’ என்றால் குழப்பம் இல்லை.

*

ஏற்கிறேன் ஐயா. ஒன்று மட்டும்: ‘கவைநாளங்கள்’ என்று பன்மை வேண்டாம். ஒரு பூச்சிக்குக் கவைநாளம் ஒன்றே. அதன் கைகள் இடக்கவை, வலக்கவை. ‘பீச்சு’ என்று தேடி வருபவருக்காகப் பழைய பெயரும் பதிவில் ‘காண்க: கவைநாளம்’ என்ற வரியோடு இருக்கட்டும்.