அம்புத்தண்டுக்கு சீடர் (cedar) மரமா, ஆஷ் (ash) மரமா?

புதுவில்: 40 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லுக்கு 28 அங்குல அம்புகள் செய்யப் போகிறேன். தண்டுக்கு எந்த மரம்?

நாணொலி: போர்ட் ஆர்ஃபோர்டு சீடர். 8.7 மி.மீ. தடிமனில் வெறும் தண்டு சுமார் 300 கிரெயின் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்). 125 கிரெயின் முனையும் இறகும் சேர்த்தால் 430 தாண்டும். வில்லின் ஒரு பவுண்டு இழுவிசைக்கு அம்பில் 10 கிரெயின் என்ற கணக்குக்கு அது போதும். ஆஷ் என்றால் தண்டே 450 ஆகிவிடும். உங்கள் வில்லுக்கு அது வீண் சுமை, அம்பு சீக்கிரமே தாழும்.

இழைப்புளி: கணக்கு சரி, முடிவோடு ஒத்துப்போக முடியவில்லை. சீடர் கல்லில் பட்டால் முனைக்குப் பின்னாலேயே ஒடியும். கரடுமுரடான இடத்தில் எய்பவருக்கு ஆஷ், பிர்ச்தான் உழைக்கும். போர் அம்புக்கே ஆஷைத்தான் தேடினார்கள்.

நாணொலி: 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த அம்புகளில் பெரும்பாலானவை பாப்லர். அதுவும் லேசான மரம்தானே?

கணு: இருவரும் மூங்கிலை மறந்துவிட்டீர்கள். தோலைச் சீவாதவரை அதன் நார் முனைவரை அறுபடாமல் ஓடும். அனலில் காட்டி நிமிர்த்தலாம். நாண்வாயின் (அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் வெட்டு) அடி ஒரு கணுவுக்குச் சற்று மேலே முடியட்டும், அதன் கீழே நூல் சுற்றுங்கள்; இல்லாவிட்டால் பிளந்துவிடும்.

நாணொலி: ஆனால் ஒவ்வொரு மூங்கிலும் ஒவ்வொரு விறைப்பு. ஒத்த டஜன் தேற நிறைய வெட்ட வேண்டும். எந்தத் தண்டானாலும் அளந்தே ஆக வேண்டும்: 26 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள், நடுவில் 2 பவுண்டு எடை. எத்தனை அங்குலம் தாழ்கிறதோ, அதால் 26-ஐ வகுங்கள். 0.65 தாழ்ந்தால் ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு அளவு, 40 பவுண்டு. ஒரு கட்டுக்குள் 5 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

இழைப்புளி: இதில் மறுப்பில்லை. ஆனால் ஸ்பைன் சரியாக இருந்தும் கையைக் கிழிக்கும் தண்டு உண்டு. வெளிச்சத்தில் மெல்ல உருட்டிப் பாருங்கள். வளையக் கோடுகள் ஒரு பக்கத்தில் வேல்முனைபோல் கூர்கூராக முடியும். கூர் நீண்டிருந்தால் நல்லது. நாலைந்து விரற்கடைக்குள் கோடு சாய்ந்து வெளியேறினால், எந்த மரமானாலும் ஒதுக்கிவிடுங்கள். நாண் உதைக்கும்போது அந்தச் சாய்விலேயே பிளந்து, சிம்பு வில் பிடித்த கையில் ஏறும்.

புதுவில்: நாண்வாயை எந்தப் பக்கம் வெட்டுவது?

இழைப்புளி: வளையக் கோடுகளுக்குக் குறுக்கே. கோட்டோடு வெட்டினால் நாணே ஆப்பாகிப் பிளக்கும். அம்பை நாணில் பூட்டும்போது மேற்பக்கத்துக் கூர்கள் இலக்கை நோக்கட்டும். ஒடிந்தாலும் சிம்பு கையை விட்டு மேலே எழும்.

நாணொலி: அதையும் பார்த்துவிட்டு சீடரே வாங்குங்கள்.